தேம்ஸ் கரை மெய்டன்ஹெட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனுக்கு மேற்கே, தேம்ஸ் கரையில் இருக்கும் மெய்டன்ஹெட்டில் குடியிருக்கிறேன். புதிதாக வேலைக்கு வந்து சேருகிறவர்கள், பிள்ளைகளைப் பார்க்க வந்து சில மாதம் தங்கும் பெற்றோர், ஞாயிற்றுக்கிழமை சுற்றிப் பார்க்க வரும் நண்பர்கள் எல்லோரும் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். "அங்கே பார்க்க ஒன்றும் இல்லையாமே?" என்பதுதான் பெரும்பாலும் முதல் பேச்சு. அதை என்னால் ஏற்க முடிவதில்லை. இந்த ஊரின் வரலாறு முழுவதும் ஆற்றைக் கடந்த வரலாறு. மரப்பாலம், கல்பாலம், செங்கல் பாலம் என்று ஒவ்வொன்றும் வந்தபோது ஊரே வேறு ஊராக மாறியிருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு நடந்தால் ஒவ்வொரு தெருவும் விளங்கும். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே கொடுத்திருக்கிறேன்.

மெய்டன்ஹெட் லண்டனுக்குள் வருகிறதா, தனி ஊரா?

தனி ஊர். லண்டன் மையத்திலிருந்து சுமார் 43 கிலோமீட்டர் மேற்கே, பார்க்‌ஷயர் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் போன்றது), தேம்ஸின் மேற்குக் கரையில் இருக்கிறது. ஆற்றுக்கு அக்கரையில் இருப்பது டாப்லோ. அது பக்கிங்காம்ஷயர் கவுண்டியைச் சேர்ந்தது. பாலத்தின் நடுவில் நின்றால் ஒரு கவுண்டியிலிருந்து இன்னொரு கவுண்டிக்கு இரண்டே எட்டில் போய்விடலாம். கீழே நான் சொல்லப்போகும் இடங்களில் சில டாப்லோ பக்கம் இருப்பவை. பேச்சில் அவற்றையும் மெய்டன்ஹெட் என்றே சொல்வார்கள்.

'ராயல்' என்ற அடைமொழி இருக்கிறதே, இங்கே அரண்மனை இருக்கிறதா?

இல்லை. கோட்டை இருப்பது வின்ட்சரில். 1974இல் உள்ளாட்சி அமைப்புகளை மாற்றி அமைத்தபோது இரண்டு ஊரையும் ஒரே நிர்வாகத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். அந்தப் பெயர்தான் 'ராயல் பரோ ஆஃப் வின்ட்சர் அண்ட் மெய்டன்ஹெட்'. கோட்டையைப் பார்க்க வேண்டுமானால் ஸ்லவ் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து வின்ட்சருக்குப் போகும் கிளைப் பாதை ரயிலில் ஏற வேண்டும். ஸ்லவுக்கும் வின்ட்சருக்கும் நடுவே வேறு நிறுத்தமே கிடையாது.

இந்த இடத்தில் ஏன் ஊர் உண்டாயிற்று? ஆற்றங்கரை முழுவதும் இருக்கிறதே?

முதலில் இங்கே இருந்தது ஒரு படகுத்துறை. ஊர்ப்பெயரின் பின்பாதி அந்தத் துறையிலிருந்து வந்ததுதான். 1280 வாக்கில் தேம்ஸின் குறுக்கே மரப்பாலம் போட்டார்கள். அதற்கு முன் லண்டனிலிருந்து மேற்கே போகும் சாலை வடக்கே குக்கம் வழியாக ஆற்றைக் கடந்தது. பாலம் வந்ததும் பயணிகள் இந்தப் பக்கம் திரும்பினார்கள். லண்டனிலிருந்து பாத் நகரத்துக்கும் பிரிஸ்டலுக்கும் போகும் பெருவழி இந்த ஊரின் ஹை ஸ்ட்ரீட் வழியாகவே ஓடத் தொடங்கியது.

மரப்பாலம் என்றால் ஓயாத பழுது வேலை. வெள்ளம் ஒவ்வொரு முறையும் எதையாவது பிடுங்கிக்கொண்டு போகும். பாலத்தைப் பராமரிப்பதற்காகவே 15ஆம் நூற்றாண்டில் ஒரு சங்கம் அமைந்தது. ஊர் நிர்வாகத்துக்கு வேர் அந்தச் சங்கம்தான். 1582இல் முதலாம் எலிசபெத் அரசி ஊருக்குத் தனி சாசனம் கொடுத்தார். பாலத்தைக் காப்பாற்றுவதற்காகக் கூடியவர்களே பின்னாளில் ஊரை ஆளும் மன்றமாக ஆனார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

பெருவழி ஓடியது சரி. அதனால் ஊருக்கு என்ன லாபம்?

சத்திரங்கள். குதிரை வண்டிக் காலத்தில் லண்டனிலிருந்து ஒரு நாள் பயணத்துக்குள் அடங்கும் தூரம் இது. குதிரைகளை மாற்ற வேண்டும், சாப்பிட வேண்டும், தங்க வேண்டும். ஊரைத் தாண்டி மேற்கே போனால் மெய்டன்ஹெட் திக்கெட் என்ற அடர்ந்த காடு. வழிப்பறிக் கொள்ளையர்களுக்குப் பேர்போன இடம். இருட்டில் அதைக் கடக்கப் பயந்து பயணிகள் இரவை ஊரிலேயே கழித்தார்கள். கொள்ளையர் பயம் சத்திரக்காரர்களுக்கு வருமானம் ஆயிற்று. காட்டின் ஒரு பகுதி இன்றும், பழைய இடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளையின் பாதுகாப்பில் இருக்கிறது. இப்போது அங்கே நாயை அழைத்துக்கொண்டு காலை நடை போகிறார்கள்.

சத்திரங்களில் வரலாறும் நடந்திருக்கிறது. உள்நாட்டுப் போரில் தோற்றுப் படையினரின் காவலில் இருந்த முதலாம் சார்லஸ் மன்னர், 1647இல் தன் பிள்ளைகளை இங்கிருந்த கிரேஹவுண்ட் சத்திரத்தில் சந்திக்க அனுமதிக்கப்பட்டார். இரண்டு ஆண்டு கழித்து அவர் தலை வெட்டப்பட்டது.

பஸ்ஸில் போகும்போது கடக்கிற கல்பாலத்தில் என்ன விசேஷம்?

சர் ராபர்ட் டெய்லர் வடிவமைத்து 1777இல் திறக்கப்பட்ட பாலம் அது. பழைய மரப்பாலத்தின் இடத்தை அதுதான் பிடித்தது. பஸ்ஸில் போனால் ஒன்றும் தெரியாது. இறங்கிக் கரைக்கு வந்து பாருங்கள். வெளிர்நிறக் கல்லில் வரிசையாக எழும் வளைவுகள் நடுவே உயர்ந்து இரு பக்கமும் தணிந்து வருவது தண்ணீருக்குப் பக்கத்தில் நின்றால்தான் கண்ணில் படும். குதிரை வண்டிக்குக் கட்டிய பாலம் இன்று லாரியையும் தாங்குகிறது.

இதைக் கடக்கச் சுங்கம் கட்ட வேண்டியிருந்தது. கட்டிய செலவு எப்போதோ ஈடாகிவிட்ட பிறகும் வசூல் நிற்கவில்லை. ஊர்மக்கள் வெகுண்டார்கள், வழக்கு நடந்தது. 1903 அக்டோபர் 31 நள்ளிரவோடு சுங்கம் முடிவுக்கு வந்தது. அந்த இரவிலேயே கூட்டம் திரண்டு சுங்கக் கதவுகளைப் பெயர்த்து ஆற்றில் தள்ளியது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் காசு கொடுத்த மக்களின் கோபம் அது.

ரயில் பாலத்தைப் பார்க்கப் பொறியாளர்கள் எல்லாம் வருகிறார்களாமே? செங்கல் பாலம்தானே?

செங்கல் பாலம் என்பதால்தான் வருகிறார்கள். கிரேட் வெஸ்டர்ன் ரயில் பாதையை அமைத்த இசம்பார்ட் கிங்டம் புரூனெல் கட்டியது. அவருக்கு முன்னால் இரண்டு சிக்கல்கள் இருந்தன. ரயில் வேகமாக ஓட வேண்டுமானால் பாதை ஏற்ற இறக்கம் இல்லாமல் சமமாக இருக்க வேண்டும், எனவே பாலத்தை உயர்த்த முடியாது. ஆற்றிலோ சரக்குப் படகுகள் பாய்மரத்தோடு போய்வந்தன, எனவே தூண்களை நெருக்கமாக நட்டு வழியை அடைக்கவும் முடியாது. அவர் ஆற்றின் நடுவில் ஒரே ஒரு தூணை நிறுத்தி, இரு பக்கமும் 128 அடி நீளத்துக்கு ஒவ்வொரு வளைவாகப் பாய்ச்சினார். 128 அடி அகலத்துக்கு உயரம் வெறும் 24 அடி. இவ்வளவு தட்டையான வளைவு நிற்காது, இடிந்து விழும் என்று அன்றைய வல்லுநர்கள் பலர் அடித்துச் சொன்னார்கள்.

நம் ஊர்க் கொத்தனார்கள் 'சென்ட்ரிங்' என்று சொல்வார்களே, அந்த மரச்சாரத்தின் மேல்தான் வளைவைக் கட்டினார்கள். காரை முழுதாக இறுகும் முன்பே ஒப்பந்ததாரர் சாரத்தைத் தளர்த்திவிட்டதால் கிழக்கு வளைவில் செங்கற்கள் இறங்கின. எதிர்ப்பாளர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் தவறு தன்னுடையது என்று ஒப்பந்ததாரரே ஒப்புக்கொண்டு, அந்தப் பகுதியைத் திரும்பக் கட்டிக்கொடுத்தார். இந்த முறை சாரத்தைச் சற்றே இறக்கிவிட்டு, ஆனால் பிரிக்காமல், அப்படியே நிற்க விட்டார்கள். பார்க்கிறவர்களுக்குப் பாலத்தை மரம் தாங்குவதுபோலத் தெரியும். உண்மையில் செங்கல் தன் காலிலேயே நின்றது. 1839இல் ஒரு புயல் வந்து சாரத்தை அடித்துக்கொண்டு போயிற்று. பாலம் அசையவில்லை. அதே வளைவுகள் மேல் இன்றைக்கும் விரைவு ரயில்கள் ஓடுகின்றன. 1890களில் இரு பக்கமும் அகலப்படுத்தி நான்கு தடங்கள் ஆக்கினார்கள்.

டாப்லோ கரையில், முன்பு படகை இழுக்கும் குதிரைகள் நடந்த பாதை கிழக்கு வளைவின் அடியில் போகிறது. அதற்கு 'ஒலிக்கும் வளைவு' என்று பெயர். அடியில் நின்று ஒருமுறை கைதட்டுங்கள். தட்டிய ஓசை செங்கல் கூரையில் மோதி, துண்டு துண்டாகப் பலமுறை திரும்பி வரும். குழந்தைகளை அங்கிருந்து கிளப்புவது கஷ்டம்.

மழையும் புகையுமாக ஒரு ரயில் வருகிற ஓவியம் இருக்கிறதே, அது இந்தப் பாலமா?

ஆம், ஜே. எம். டபிள்யூ. டர்னர் 1844இல் காட்சிக்கு வைத்த 'மழை, நீராவி, வேகம்' என்ற ஓவியத்தில் இருப்பது இந்தப் பாலம் என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது, அனுமதி இலவசம். ஓவியத்தின் இடப்பக்கம் மங்கலாகத் தெரிவது முன்பு சொன்ன கல்பாலம். ரயிலுக்கு முன்னால் தண்டவாளத்தில் ஒரு முயல் ஓடுகிறது. மூல ஓவியத்தில் அதைக் கண்டுபிடிக்க மிகவும் உற்றுப் பார்க்க வேண்டும். பழைய பாலமும் புதிய பாலமும் ஒரே சட்டத்துக்குள் நிற்பதால், ஊரின் இரண்டு காலங்களையும் அங்கே சேர்த்துப் பார்த்துவிடலாம்.

ரயில் வந்ததும் சத்திரங்கள் என்ன ஆயின?

படுத்துவிட்டன. 1838 ஜூன் 4 அன்று லண்டன் பாடிங்டனிலிருந்து முதல் ரயில் கிளம்பியபோது, அதன் கடைசி நிறுத்தத்துக்கு மெய்டன்ஹெட் என்றுதான் பெயர். பாலம் முடியாததால் நிலையம் ஆற்றின் டாப்லோ பக்கம் இருந்தது. அடுத்த ஆண்டு பாலம் திறந்து பாதை மேற்கே நீண்டதும் குதிரை வண்டிகள் குறைந்தன. இரவுக்குத் தங்க வேண்டிய தேவையே போய்விட்டது.

ஆனால் அதே ரயில்தான் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஊரைத் தூக்கி நிறுத்தியது. லண்டன்காரர்கள் வார இறுதியில் படகு விட இங்கே குவிந்தார்கள். ஆற்றங்கரையில் வரிசையாகப் பெரிய வீடுகள் எழுந்தன. ரே மீட் சாலையில் நடந்தால் பால்கனிகளும் படகுக் கொட்டகைகளும் கொண்ட அந்தக் கால வீடுகள் சில இன்றும் நிற்பதைப் பார்க்கலாம்.

பவுல்டர்ஸ் லாக் என்கிறார்கள். பூட்டா, பூங்காவா?

ஆற்றில் படகு மட்டம் மாறும் இடம். தேம்ஸில் இப்படி 40க்கும் மேற்பட்ட லாக்குகள் உண்டு. ஆற்றின் குறுக்கே தடுப்பணை இருக்கும்போது மேல்பக்கத் தண்ணீர் உயரமாகவும் கீழ்ப்பக்கத் தண்ணீர் தாழ்வாகவும் இருக்கும். படகு எப்படி ஏறும்? பக்கத்தில் இரு முனையிலும் கதவு வைத்த நீண்ட தொட்டி இருக்கிறது. படகு கீழ்க்கதவு வழியாக உள்ளே வந்ததும் கதவை மூடி, மேலிருந்து தண்ணீரை விடுகிறார்கள். படகு தண்ணீரோடு மெல்ல உயர்கிறது. மட்டம் சமமானதும் மேல்கதவு திறக்கும். படகில் இருப்பவர்கள் முதலில் உங்கள் காலடிக்குக் கீழே இருப்பார்கள். சில நிமிடத்தில் முகத்துக்கு முகம் பார்த்து வணக்கம் சொல்லும் உயரத்துக்கு வந்துவிடுவார்கள். அதைப் பார்க்கக் கட்டணம் இல்லை.

இங்கே முதல் லாக் 1772இல் எதிர்க்கரைப் பக்கம் அமைந்தது. இப்போதிருக்கும் இடத்துக்கு 1830 வாக்கில் மாறியது, 1912இல் திரும்பக் கட்டப்பட்டது. முன்பு சொன்ன படகு மோகக் காலத்தில், அஸ்காட் குதிரைப் பந்தயத்துக்கு அடுத்த ஞாயிறன்று, தண்ணீர் தெரியாத அளவுக்குப் படகுகள் நெருக்கியடித்து நிற்குமாம். பட்டுக் குடை பிடித்த பெண்களும் வைக்கோல் தொப்பி ஆண்களுமாக அந்த நெரிசலை ஓவியர் எட்வர்ட் ஜான் கிரெகரி பல ஆண்டுகள் உழைத்து வரைந்தார். அந்த ஓவியம் போர்ட் சன்லைட்டில் உள்ள லேடி லீவர் கலைக்கூடத்தில் இருக்கிறது. லாக்கை ஒட்டிய ரே மில் தீவு இப்போது பூங்கா. பெற்றோரை அழைத்துப்போக நல்ல இடம். பெஞ்சுகள் உண்டு, பறவைக் கூண்டுகள் உண்டு, தடுப்பணையில் தண்ணீர் விழும் ஓசை காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

ஊருக்குக் கெட்ட பெயர் ஏதோ இருந்ததாமே?

இருந்தது. டாப்லோ கரையில், கல்பாலத்தை ஒட்டி, ஸ்கிண்டில்ஸ் என்ற ஓட்டல் இருந்தது. 1833இல் தொடங்கியது. லண்டன் செல்வந்தர்கள் மனைவிக்குத் தெரியாமல் வார இறுதியைக் கழிக்கும் இடம் என்று நாடு முழுவதும் பேசிச் சிரித்தார்கள். 1990களில் மூடப்பட்டது. இடித்துவிட்டு இப்போது அங்கே குடியிருப்புகள் கட்டியிருக்கிறார்கள்.

பெரிய விவகாரம் நடந்தது இன்னும் வடக்கே, ஆற்றுக்கு மேலே குன்றில் நிற்கும் கிளிவ்டன் மாளிகையில். 1961 ஜூலையில் அங்கே நீச்சல் குளத்தருகே போர்த்துறை அமைச்சர் ஜான் புரோஃபுமோ, கிறிஸ்டின் கீலர் என்ற 19 வயதுப் பெண்ணைச் சந்தித்தார். அந்தப் பெண்ணுக்குச் சோவியத் தூதரகக் கடற்படை அதிகாரி ஒருவரோடும் பழக்கம் இருந்ததால் அது தேசப் பாதுகாப்புப் பிரச்சினையாக வெடித்தது. நாடாளுமன்றத்தில் பொய் சொன்ன அமைச்சர் 1963 ஜூனில் பதவி விலகினார். பெரிய மனிதர்கள் ஒவ்வொருவராக ஒதுங்கிக்கொள்ள, கீலரின் இளமை செய்தித்தாள்களுக்குத் தீனியாயிற்று. அந்தக் கதையைச் சிரித்துக்கொண்டு சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது.

கிளிவ்டனை அந்த ஒரு விவகாரத்தோடு முடித்துவிடவும் கூடாது. 1919இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அமர்ந்த முதல் பெண்மணி நான்சி ஆஸ்டர் வாழ்ந்த வீடு அது. இப்போது மாளிகை ஓட்டலாக இருக்கிறது, தோட்டங்களை நேஷனல் டிரஸ்ட் பார்த்துக்கொள்கிறது, டிக்கெட் எடுத்துப் போகலாம். நடைபாதை இருப்பது இக்கரையில், மாளிகை அக்கரையில். பவுல்டர்ஸ் லாக்குக்கு மேலே குக்கம் வரை பாலம் இல்லை என்பதால் நடந்தே போய்விடலாம் என்று கிளம்பாதீர்கள். காரில் போவதே சரி.

ரயில் நிலையத்தில் பெஞ்சில் உட்கார்ந்து புத்தகம் படிக்கும் சிலை யாருடையது?

சர் நிக்கோலஸ் வின்டன். இந்த ஊரில் பல்லாண்டு வாழ்ந்தவர். 1938 கடைசியில் அவர் 29 வயதுப் பங்குச்சந்தைத் தரகர். விடுமுறையில் பனிச்சறுக்கு விளையாடப் போக இருந்தவர், நண்பரின் அழைப்பை ஏற்று பிராக் நகரத்துக்குப் போனார். நாஜிகளிடமிருந்து தப்பிக்க வழியில்லாமல் தவித்த குடும்பங்களைப் பார்த்தார். பெரும்பாலும் யூதர்கள். குழந்தைகளையாவது காப்பாற்றலாம் என்று முடிவு செய்து, லண்டன் திரும்பி, ஒவ்வொரு குழந்தைக்கும் வளர்ப்புக் குடும்பம், பிணைத்தொகை, நுழைவு அனுமதி எல்லாம் தேடினார். பிராக்கில் இருந்த சக ஊழியர்கள் ரயிலேற்றி அனுப்பினார்கள். 669 குழந்தைகள் வந்து சேர்ந்தார்கள். 1939 செப்டம்பர் 1 அன்று கிளம்ப வேண்டிய கடைசி ரயிலில் சுமார் 250 குழந்தைகள் இருந்தார்கள். அன்று போர் தொடங்கியது. அந்த ரயில் கிளம்பவில்லை.

இதைப் பற்றி அவர் ஊரில் யாரிடமும் பெருமை பேசியதில்லை. 1988இல்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. அப்போதுகூட, பழைய ஆவணங்கள் கொண்ட ஏடு அவர் மனைவியின் கண்ணில் பட்டதால்தான் தெரிந்தது. 2010இல் மூன்றாம் நடைமேடையில் சிலை வைத்தபோது அவர் உயிரோடு இருந்தார். 2015 ஜூலை 1 அன்று 106ஆம் வயதில் காலமானார். காலை அவசரத்தில் அந்தச் சிலையைத் தாண்டி ஆயிரக்கணக்கானவர்கள் ஓடுகிறார்கள். ஒரு ரயிலை விட்டுவிட்டு, அவர் கையில் விரித்து வைத்திருக்கும் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று குனிந்து பாருங்கள். குழந்தைகளும் ரயிலும் இருக்கும்.

லண்டனுக்கு எந்த ரயிலில் போக வேண்டும்? ஆய்ஸ்டர் அட்டை செல்லுமா?

இரண்டு வகை ரயில்கள் உண்டு. கிரேட் வெஸ்டர்ன் விரைவு ரயில் இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் பாடிங்டனில் விட்டுவிடும். எலிசபெத் லைன் எல்லா நிறுத்தத்திலும் நின்று போவதால் பாடிங்டனுக்கே சுமார் 40 நிமிடம் ஆகும், ஆனால் இறங்காமல் லண்டன் நகரின் நடுவே லிவர்பூல் ஸ்ட்ரீட், கேனரி வார்ஃப் வரை போகலாம். 2022 நவம்பரிலிருந்து இப்படி நேராக ஓடுகிறது. பெரியவர்கள் கூட வந்தால் ஒன்றை மறக்காதீர்கள்: எலிசபெத் லைன் ரயிலில் கழிப்பறை கிடையாது.

லண்டன் போக்குவரத்துக்கான ஆய்ஸ்டர் அட்டை இங்கே செல்லாது. அதற்கு எல்லை வெஸ்ட் டிரேட்டன் நிலையம். இதை அறியாமல் லண்டனில் ஆய்ஸ்டரைத் தட்டி ஏறி, இங்கே வெளியே வர முடியாமல் நிற்பவர்களை அடிக்கடி பார்க்கலாம். வங்கியின் கான்டாக்ட்லெஸ் அட்டையோ கைபேசியோ தட்டினால் போதும், இரண்டு வகை ரயிலுக்கும் செல்லும். ஏறும்போது எதைத் தட்டினீர்களோ அதையேதான் இறங்கும்போதும் தட்ட வேண்டும். அட்டையில் தட்டி ஏறிக் கைபேசியில் தட்டி இறங்கினால் இரண்டு முழுமையற்ற பயணங்களாகக் கணக்கிட்டு இரண்டுக்கும் கூடுதலாகப் பிடித்துவிடும். ரயில்கார்டு தள்ளுபடி இருப்பவர்கள் தட்டாமல் டிக்கெட் வாங்குங்கள். வங்கி அட்டையில் அந்தத் தள்ளுபடியைச் சேர்க்க வழியில்லை.

ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து நேர் ரயில் உண்டா?

இல்லை. எலிசபெத் லைனில் ஏறி ஹேய்ஸ் அண்ட் ஹார்லிங்டனில் மாற வேண்டும். நிறையப் பெட்டிகளோடு வருகிறவர்களுக்கு டாக்சிதான் நிம்மதி.

மழை பிடித்துக்கொண்டால் எங்கே போவது?

ஊர் நடுவில் இருக்கும் மெய்டன்ஹெட் ஹெரிடேஜ் சென்டருக்கு. இரண்டாம் உலகப் போரில் தொழிற்சாலையிலிருந்து போர் விமானங்களை விமானப்படைத் தளங்களுக்கு ஓட்டிச் சென்று ஒப்படைக்க ஏ.டி.ஏ. என்ற தனி அமைப்பு இருந்தது. அதன் தலைமையகம் பக்கத்தில் உள்ள ஒயிட் வால்தம் விமானத்தளம். அதில் 168 பெண்கள் பணியாற்றினார்கள். முன்பின் ஓட்டிப் பார்க்காத விமானத்தைக் கையேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஓட்டிப்போக வேண்டிய வேலை. 1943இல் ஆண்களுக்குச் சமமான சம்பளமும் வாங்கினார்கள், அந்தக் காலத்தில் அபூர்வம். அவர்களுடைய ஆவணங்களும் படங்களும் இங்கே இருக்கின்றன. ஸ்பிட்ஃபயர் விமானத்தை ஓட்டிப் பார்க்க ஒரு பயிற்சிக் கருவியும் உண்டு. பெண் குழந்தை வீட்டில் இருந்தால் கட்டாயம் அழைத்துப் போங்கள். திறந்திருக்கும் நாட்களை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பையனுக்குக் கால்பந்துப் பைத்தியம். அவனுக்கு ஏதாவது?

ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே யார்க் ரோடு மைதானம். மெய்டன்ஹெட் கால்பந்துக் கழகம் 1871லிருந்து இதே இடத்தில் விளையாடுகிறது. ஒரே கழகம் ஒரே மைதானத்தில் விடாமல் விளையாடிவருவதில் உலகிலேயே பழையது என்ற பெருமை இதற்கு உண்டு. எஃப்.ஏ. கோப்பை முதன்முதலாக நடந்தபோது கலந்துகொண்ட கழகங்களில் இதுவும் ஒன்று. சிறிய மைதானம்தான். வேலியோரம் நின்றால் ஆட்டக்காரர் பேசுவது காதில் விழும்.

ஒரே ஒரு பிற்பகல்தான் இருக்கிறது. எப்படிப் பார்ப்பது?

நிலையத்திலிருந்து நடந்து கல்பாலத்துக்குப் போங்கள். பாலத்தைக் கடந்து டாப்லோ கரையில் தெற்கே திரும்பினால் சில நிமிடத்தில் ஒலிக்கும் வளைவு. திரும்பி வந்து, பாலத்தைக் கடந்து, மேற்குக் கரையோடு வடக்கே பவுல்டர்ஸ் லாக் வரை நடங்கள். கால் தாங்கினால் அங்கே நிற்காமல் குக்கம் வரை போய்விடுங்கள். எதிர்க்கரையில் கிளிவ்டன் காடு தண்ணீர் விளிம்பு வரை சரிந்து வரும் அந்தப் பகுதிதான் தேம்ஸ் முழுவதிலும் அழகானது என்று நான் வாதாடுவேன், குறிப்பாக அக்டோபரில்.

குக்கம் ஓவியர் ஸ்டான்லி ஸ்பென்சர் பிறந்து வாழ்ந்த சிற்றூர். அவர் சிறுவயதில் தொழப்போன சிற்றாலயமே இப்போது அவருடைய ஓவியங்கள் உள்ள கலைக்கூடம். குழந்தைகளை வைத்துத் தள்ளும் பழைய வண்டியில் வண்ணங்களையும் தூரிகைகளையும் போட்டுத் தள்ளிக்கொண்டு ஊரெங்கும் வரைந்து திரிவார், அந்த வண்டியும் உள்ளே இருக்கிறது. திரும்ப நடக்க வேண்டாம், குக்கத்திலிருந்து கிளைப் பாதை ரயில் மெய்டன்ஹெட்டுக்கு வருகிறது. தெற்கே பிரே கிராமத்தில் மிஷெலின் மூன்று நட்சத்திரம் பெற்ற இரண்டு உணவகங்கள் உண்டு, வாட்டர்சைட் இன், ஃபேட் டக். முன்பதிவு இல்லாமல் அங்கே போய் நிற்காதீர்கள்.

ஆற்றில் இருக்கும் அன்னங்கள் எல்லாம் ராஜாவுக்குச் சொந்தமாமே, உண்மையா?

பாதி உண்மை. அடையாளம் இடப்படாத அன்னங்கள் மேல் அரசருக்கு உரிமை உண்டு. தேம்ஸில் வின்ட்னர்ஸ், டையர்ஸ் என்ற இரண்டு பழைய வணிகச் சங்கங்களுக்கும் 15ஆம் நூற்றாண்டிலிருந்து பங்கு இருக்கிறது. ஒவ்வொரு ஜூலையிலும் சீருடை அணிந்தவர்கள் படகுகளில் வந்து, அன்னக் குஞ்சுகளைப் பிடித்து, எடை பார்த்து, தூண்டில் கயிறு சிக்கிக் காயம் பட்டிருக்கிறதா என்று சோதித்து விடுவார்கள். அன்று விருந்துக்காக எண்ணினார்கள், இன்று பாதுகாப்புக்காக எண்ணுகிறார்கள். பவுல்டர்ஸ் லாக், குக்கம் வழியாகத்தான் போவார்கள். எந்த நாள் என்று உறுதி செய்துகொண்டு போய்ப் பாருங்கள்.

இது ராத்திரி வந்து தூங்குவதற்கு மட்டுமான ஊர் என்கிறார்களே?

காலை ஏழரை மணி நடைமேடையைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஊர் மையத்தில் காலியான கடைகளும் உண்டு, புதிய அடுக்குமாடிகளின் கட்டுமானமும் பல ஆண்டுகளாக நடக்கிறது. குறை சொல்வதற்கு இடமிருக்கிறது. ஆனால் அதே மையத்தின் நடுவே தூர்ந்துபோய்க் கிடந்த யார்க் ஓடையை மீட்டு, தடுப்பணை கட்டித் தண்ணீரை நிறுத்தியிருக்கிறார்கள். அதற்காகப் பல ஆண்டு உழைத்தவர்களில் பெரும்பாலோர் ஊர்க்காரத் தன்னார்வலர்கள். தூங்க மட்டும் வருகிறவர்கள் ஓடையைத் தோண்ட மாட்டார்கள்.

ஆற்றங்கரையில் வீடு பார்க்கிறோம். வெள்ளம் வருமா?

வந்திருக்கிறது. 1947 மார்ச்சில் வந்த வெள்ளம் இன்றும் பேசப்படுகிறது. அதன் பிறகும் பல வெள்ளங்களைப் பார்த்துவிட்டு, பவுல்டர்ஸ் லாக்குக்கு மேலே ஆற்றிலிருந்து பிரிந்து ஈட்டனுக்குக் கீழே மீண்டும் ஆற்றில் சேரும்படி 11.6 கிலோமீட்டர் நீளத்துக்குச் செயற்கைக் கால்வாய் வெட்டினார்கள். 2002இல் பயன்பாட்டுக்கு வந்தது. இரண்டாம் எலிசபெத் அரசி பதவியேற்ற பொன்விழா ஆண்டு என்பதால் ஜூபிலி ரிவர் என்று பெயர். பார்த்தால் செயற்கை என்றே தெரியாது. நாணலும் நீர்ப்பறவைகளுமாக இருக்கும், ஓரமாகச் சைக்கிள் பாதை உண்டு. 2014 பிப்ரவரி வெள்ளத்தில் மெய்டன்ஹெட்டின் பெரும்பகுதி தப்பியதற்கு இதுவே காரணம்.

ஆனால் அதே வெள்ளத்தில் ஆற்றின் கீழ்ப்பக்கம் இருக்கும் டாட்செட், ரேஸ்பரி ஊர்கள் மூழ்கின. எங்களைக் காப்பாற்றிய கால்வாய்தான் தங்களை மூழ்கடித்தது என்று அங்கே பலர் குமுறுகிறார்கள். அவர்கள் கோபத்தை இங்கே பத்திரமாக உட்கார்ந்துகொண்டு அலட்சியம் செய்வது நியாயம் இல்லை. வீட்டு விஷயத்துக்கு வந்தால், தரகர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். அரசின் வெள்ள அபாய வரைபடத்தில் அஞ்சல் குறியீட்டை இட்டுப் பாருங்கள். ஆற்று வெள்ளம், மழைநீர்த் தேக்கம், நிலத்தடி நீர் மூன்றையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஆற்றிலிருந்து தள்ளி இருக்கும் தெருவிலும் கடைசி இரண்டும் வரலாம். முன்பணம் கொடுக்கும் முன்பே அந்த முகவரிக்கு வீட்டுக் காப்பீட்டுக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டு வாங்கிவிடுங்கள்.